டர்பனில் கப்பலேற எம்ப்ரேயரில் போகிறீர்களா? முதலில் பெட்டியைப் பற்றிப் பேசுவோம்

நவம்பர் பிறந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் எம்எஸ்சி நிறுவனத்தின் உல்லாசக் கப்பல் வந்து நிற்கும். போமேனே, போர்ச்சுகீஸ் தீவு என்று மொசாம்பிக் பக்கம் மூன்று நாள், நான்கு நாள் சுற்றிவிட்டுத் திரும்பும். டர்பன் புறநகர்களான ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வர்த்திலும் இருப்பவர்களுக்குக் காரை எடுத்தால் துறைமுகம். போர்ட் எலிசபெத் என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் கெபேஹா, ப்ளூம்ஃபொன்டெய்ன், நெல்ஸ்ப்ரூட், கிம்பர்லி பக்கம் வேலையில் இருப்பவர்கள் பறந்துதான் வர வேண்டும். அந்த ஊர்களின் தடங்களில் பெரும்பாலும் ஓடுவது ஏர்லிங்க் விமான நிறுவனத்தின் எம்ப்ரேயர் ஜெட்கள். அந்தச் சின்ன விமானத்தை நம்பிக் கப்பல் டிக்கெட் போடலாமா என்பதுதான் கேள்வி.

போடலாம். விமானத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் பெரிய விமானத்தில் ஏறும் அதே பழக்கத்தோடு பெட்டி கட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் இந்த விமர்சனத்தில் இருக்கையைவிடப் பெட்டிக்குத்தான் இடம் அதிகம்.

விமானம் எப்படி

முதலில் எந்த எம்ப்ரேயர் என்று பாருங்கள். டிக்கெட் எடுக்கும்போதே விமான வகை காட்டும். 135 என்றால் 37 இருக்கை, 140 என்றால் 44. இரண்டும் ஒரே உடம்பு, நீளம்தான் வேறு. இடது பக்கம் ஒற்றை இருக்கை, நடுவில் ஒடுங்கிய நடைபாதை, வலது பக்கம் இரட்டை இருக்கை. நம்ம ஊர் மினி பஸ்ஸுக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கும். உள்ளே உயரம் சுமார் 1.82 மீட்டர், அதுவும் நடைபாதையின் நடுவில் மட்டும். ஆறடி ஆள் தலையைக் குனிந்துதான் நடக்க வேண்டும். 190 என்று போட்டிருந்தால் அது வேறு ரகம்: இரண்டுக்கு இரண்டு, சுமார் 100 பேர், தலைக்கு மேல் பெட்டி வைக்க ஒழுங்கான இடம். 190 கிடைத்தால் கீழே சொல்லப்போவதில் பாதிக் கவலை உங்களுக்கு இல்லை.

சின்ன விமானம் என்றதும் காற்றாடி சுற்றும் விமானம் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. 135, 140 இரண்டும் ஜெட்தான். எஞ்சின் இரண்டும் வாலருகே இருப்பதால் கடைசி வரிசைகளில் இரைச்சல் காதை அடைக்கும், கழிப்பறையும் அங்கேதான். முன் பாதி அமைதி. தனியாகப் போகிறவர்களுக்கு இடது பக்க ஒற்றை இருக்கையை அடித்துக்கொள்ள முடியாது: ஜன்னலும் உங்களுடையது, நடைபாதையும் உங்களுடையது. ஒரே ஒரு குறை, அந்தப் பக்கம் தலைக்கு மேல் பை வைக்கும் அறை கிடையாது. அறை வலது பக்கம் மட்டும்தான், அதுவும் ஆழமில்லாதது.

ஏறுவது பெரும்பாலும் தரையிலிருந்து படிக்கட்டு வழியாக. கதவே கீழே விரிந்து படியாகும். படி செங்குத்து, அகலம் கம்மி, மழை பெய்தால் வழுக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு மூட்டு வலி என்றால் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே உதவி கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். கவுன்டரில் போய் நின்று கேட்டால் தூக்கி ஏற்றும் வண்டி வேறு விமானத்தில் இருக்கும்.

இன்னொன்று. பயணிகள் குறைவான நாளில் பணிப்பெண் வந்து, நீங்கள் இருவர் பின்னால் போய் உட்காருங்கள் என்று சொன்னால் மறுக்காதீர்கள். சின்ன விமானத்தில் நான்கு பேர் இடம் மாறினாலே எடைச் சமநிலை மாறும். ஜன்னலோர இருக்கைக்குக் காசு கட்டியிருந்தாலும் அந்த நேரத்தில் வாதாடிப் பயனில்லை.

கைப்பை: பைக்குள் ஒரு பை

ஏர்லிங்கில் சாதாரண வகுப்புக்குக் கைப்பை 8 கிலோ. இன்னொரு உள்நாட்டு நிறுவனமான ஃபிளைசஃபேரில் 7. இந்த ஒரு கிலோ வித்தியாசம், போகும்போது ஒன்றிலும் வரும்போது இன்னொன்றிலும் பதிவு செய்தவர்களைத்தான் பிடிக்கும். எப்போதும் 7-க்குக் கட்டுங்கள்.

ஆனால் 135-இல் எடை மட்டும் சரியாக இருந்தால் போதாது. சக்கரம் வைத்த கேபின் டிராலி, பெரிய விமானங்களில் சொகுசாக உள்ளே போகிறதே, அது இங்கே தலைக்கு மேலும் போகாது, இருக்கைக்குக் கீழும் போகாது. தோள்பை போகும், லேப்டாப் பை போகும், துணிப்பை மடங்கிப் போகும். டிராலியைக் கொண்டுவந்தால் படிக்கட்டின் அடியிலேயே வாங்கிக்கொண்டு, ஒரு சீட்டுக் கட்டி, சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள். ஏர்லிங்க் இதற்கு ஸ்கைசெக் என்று பெயர் வைத்திருக்கிறது. இறங்கியதும் விமானத்தின் அடியிலேயே திருப்பிக் கொடுப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், கட்டணமும் இல்லை. வேறு நிறுவனங்களில் வாயிலில் வாங்கிய பை நேராக, நிலையத்துக்குள் பெட்டிகள் வந்து சேரும் பெல்ட்டுக்குப் போகலாம். அதனால் சீட்டுக் கட்டும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை விமானத்தின் அடியில் தருவீர்களா, பெல்ட்டில் வருமா?" இதைக் கேட்காமல் விமானம் நிற்கும் தளத்தில் அரை மணி நிற்பவர்களும் உண்டு, பெல்ட்டில் காத்திருந்து பையை விமானத்தடியிலேயே விட்டவர்களும் உண்டு.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. "கையில் இருக்கிறது, பயமில்லை" என்று பாஸ்போர்ட், மாத்திரை, நகை, பவர் பேங்க் எல்லாவற்றையும் டிராலியில் போட்டிருப்போம். படிக்கட்டடியில் அதைக் கொடுக்கச் சொல்லும்போது பின்னால் முப்பது பேர் வரிசை, தலைக்கு மேல் வெயில் அல்லது தூறல். பெட்டியைத் திறந்து குடைந்து எடுக்க அவகாசம் இருக்காது. பவர் பேங்க் சரக்கு அறைக்குப் போகவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் பகுதியில் அணைக்க முடியும், சரக்கு அறையில் அப்படி முடியாது என்பதால் உலகம் முழுக்க இதே விதி. 100 வாட் மணி வரை கையில் கொண்டுபோகலாம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட் மணி வரும், கவலை இல்லை. இந்த அளவே அச்சடிக்காத மலிவுச் சரக்கைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டால் சண்டை போட நியாயம் இல்லை.

ஆகவே வழி இது. டிராலியோ தோள்பையோ, அதற்குள் மேலாக, ஒரே இழுப்பில் வெளியே வரும்படி ஒரு சின்னத் துணிப்பை. கையில் பிடிக்கும் வார் இருக்கட்டும். அதில் பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட் அச்சு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கப்பல் நாட்களுக்கும் அதற்கு மேல் மூன்று நாளுக்கும் மாத்திரை, மருத்துவர் சீட்டு, கண்ணாடி, பவர் பேங்க், சார்ஜர், ஒரு மாற்று உள்ளாடை, நகை இருந்தால் நகை. பெரிய பையைப் பறித்துக்கொண்டாலும் இந்தச் சின்னப் பை உங்கள் மடியில் இருக்கும். இன்சுலின் போடுகிறவர்கள் அதைச் சரக்கு அறைக்கு விடவே கூடாது. உறைந்துபோன இன்சுலின் பிறகு உருகினாலும் வேலைக்கு ஆகாது.

பெட்டி ஏன் பின்தங்குகிறது

செக்-இன் பெட்டி தொலைவது ஒன்று, பின்தங்குவது ஒன்று. சின்ன விமானத்தில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது, அதற்குக் காரணமும் உண்டு. விமானம் புறப்படும்போது மொத்த எடைக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஆட்கள், எரிபொருள், பெட்டிகள் மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். ஆட்களைப் பெரும்பாலும் இறக்க மாட்டார்கள், எரிபொருளைக் குறைக்க முடியாது. மிச்சம் இருப்பது பெட்டி.

கப்பல் சீசன் நம் தென்னாப்பிரிக்கக் கோடைக்காலம். வெயில் ஏறினால் காற்று மெலியும், எஞ்சின் இழுவையும் குறையும், இறக்கை தூக்குவதும் குறையும். ஜோஹன்னஸ்பர்க் ஓஆர் தாம்போ கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை எந்த நாளும் ஒரு படி கூடுதல். ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் கோடை மாலைகளில் இடி மழை சகஜம். டர்பன் பக்கம் வானம் சரியில்லை என்றால் வேறு நிலையத்துக்குத் திரும்பும் அளவுக்குக் கூடுதல் எரிபொருள் ஏற்றுவார்கள். அந்த எரிபொருளின் எடைக்குச் சமமாகப் பெட்டிகள் இறங்கும். விமானம் நிரம்பி, ஆளுக்கு ஒரு முழுப் பெட்டியும் வந்து, வெயிலும் மழையும் சேர்ந்த மதியம் என்றால் கணக்கு எப்படிப் போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் புறப்படும் வாரக் கடைசிகள் சரியாக இப்படித்தான் இருக்கும்.

இதைக் கவுன்டரில் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் முடியாது, ஏனென்றால் எடைத் தாள் முடிவாவது கடைசி நேரத்தில். சில இடங்களில் விமானத்துக்குள் அறிவிப்பு வரும். பல இடங்களில் பெல்ட்டில்தான் தெரியும்.

செய்யக்கூடியவை மூன்று உண்டு. காலையின் முதல் விமானத்தைப் பிடியுங்கள்: வெயில் இல்லை, இடி இல்லை, முந்தைய ஊரில் தாமதமாகி அதன் தொடர்ச்சியாக உங்களுக்கும் தாமதம் என்ற சங்கிலியும் இல்லை. இரண்டாவது, சீக்கிரம் செக்-இன் செய்யுங்கள். கடைசியாக வரும் பெட்டி தள்ளுவண்டியில் கடைசியாக ஏறும், எடுக்கச் சொன்னால் கைக்கு முதலில் சிக்கும். மூன்றாவது, எடை. ஏர்லிங்கின் சாதாரண டிக்கெட்டில் 20 கிலோ ஒரு பெட்டி என்பது வழக்கமான அளவு. உங்கள் டிக்கெட் வகையில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் மலிவு வகைகளில் செக்-இன் பெட்டியே சேராமல் இருக்கலாம். ஃபிளைசஃபேரின் லைட் கட்டணம் அப்படித்தான். கையில் பிடித்துத் தூக்கும் தராசு ஒன்று வீட்டில் இருக்கட்டும். 20 இருந்தால் 17-இல் நிறுத்துங்கள். நான்கு நாள் கப்பலுக்கு அதற்கு மேல் எதற்கு? பெட்டியில் பாதி, கப்பலில் போடாமலே திரும்பி வரும் பட்டுப்புடவைதான்.

நேர் விமானமா, ஜோஹன்னஸ்பர்க் வழியா

இதில் எங்கள் கருத்து பலருக்குப் பிடிக்காது. கப்பலுக்கு முந்தைய நாள் மாலை போகிறீர்கள் என்றால், ஒரு நாளுக்கு ஒன்றிரண்டே விமானம் ஓடும் நேர் தடத்தைவிட ஜோஹன்னஸ்பர்க் வழியாக, ஒரே டிக்கெட்டில் போவது பெட்டிக்குப் பாதுகாப்பு. மாறுமிடம் இருப்பதால் பெட்டி தவற வாய்ப்பு கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனால் ஜோஹன்னஸ்பர்க்–டர்பன் தடத்தில் நாள் முழுக்க விமானம் பறக்கிறது. தவறிய பெட்டி அடுத்ததில் ஏறி இரவுக்குள் வந்துவிடும். நேர் தடத்தில் பின்தங்கிய பெட்டிக்கு அடுத்த விமானம் நாளைக்கு, அது வருவதற்குள் கப்பல் கிளம்பியிருக்கும். காலை முதல் விமானமாக நேர் தடம் கிடைத்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள்.

ஒரே டிக்கெட் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கிம்பர்லியிலிருந்து ஒன்று, ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வேறு நிறுவனத்தில் மலிவாக இன்னொன்று என்று தனித்தனியாக எடுத்தால், நடுவில் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் உங்கள் தலையில். கவுன்டரில் தரும் சீட்டில் கடைசி மூன்று எழுத்து டி, யு, ஆர் என்று இருக்கிறதா என்று அங்கேயே படியுங்கள். ஜே, என், பி என்று இருந்தால் பெட்டி ஜோஹன்னஸ்பர்க்கோடு நின்றுவிடும்.

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சொந்தக்காரர்கள் கப்பலுக்கென்றே வருகிறார்கள் என்றால் அவர்களைச் சின்ன விமானத்தில் ஏற்றவே வேண்டாம். எமிரேட்ஸ் துபாயிலிருந்து நேரே டர்பனுக்குப் பறக்கிறது. ஜோஹன்னஸ்பர்க்கில் இறங்கினால், டர்பன் வரை சீட்டுக் கட்டியிருந்தாலும் சுங்கச் சோதனைக்காகப் பெட்டியை அங்கே எடுத்து, உள்நாட்டுப் பகுதியில் மறுபடி கொடுக்க வேண்டும். சர்வதேச விமானத்தில் 23 கிலோ இரண்டு பெட்டி என்று தாராளமாக வந்தவர்கள், உள்நாட்டுப் பயணத்துக்குத் தனி டிக்கெட் என்றால் இங்கே 20 கிலோவில் வந்து முட்டுவார்கள். அவர்கள் தென்னாப்பிரிக்க விசா ஒருமுறை நுழைவு மட்டும்தானா என்றும் பாருங்கள். கப்பல் நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்புகிறது. ஒருமுறை நுழைவு விசாவில் திரும்பி வரும்போது மறுபடி நுழைய வழியில்லை. மொசாம்பிக் விதியைக் கப்பல் நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மலிவாக டிக்கெட் இருக்கிறதே, அங்கிருந்து என்3 சாலையில் 80 கிலோமீட்டர்தானே என்று சிலர் கணக்குப் போடுவார்கள். வேண்டாம். ஓடுதளம் குட்டை, சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். மேகம் தாழ்ந்தால் இறங்க முடியாது. கப்பல் இல்லாத நாளில் முயன்று பாருங்கள்.

முந்தைய நாள், கட்டாயம்

கப்பல் புறப்படும் அன்றே காலையில் பறந்து வந்து ஏறலாம் என்று பயண முகவர்கள் சொல்வார்கள். பெரும்பாலான நாள் நடக்கவும் செய்யும். நடக்காத நாளில் இழப்பது ஒரு ராத்திரி ஹோட்டல் காசு இல்லை, முழுக் கப்பல் காசு. நிறுவனம் ஏற்பாடு செய்யாத விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. ஐரோப்பாவில் என்றால் அடுத்த துறைமுகத்துக்கு ரயிலில் ஓடிப் பிடிக்கலாம். போமேனே என்பது இன்ஹாம்பானே மாகாணத்தில் ஒரு கடற்கரை, போர்ச்சுகீஸ் தீவு மாபூட்டோ விரிகுடாவில் ஆளில்லாத மணல் திட்டு. இரண்டிலும் பெட்டி கொண்டுவந்து தர விமான நிலையமும் கிடையாது, கூரியரும் கிடையாது. பின்தங்கிய பெட்டி கப்பலைத் துரத்திப் பிடிக்கவே முடியாது என்பதுதான் டர்பன் கப்பல்களின் தனிச் சிக்கல்.

கிங் ஷாகா விமான நிலையம் லா மெர்சியில், ஊருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். துறைமுகத்தை ஒட்டிய பாயின்ட் பகுதியில் இருக்கும் நெல்சன் மண்டேலா கப்பல் முனையத்துக்குக் காரில் 40 நிமிடம், நெரிசலில் ஒரு மணி. இரவு தங்க அம்ஷ்லாங்கா தோது: விமான நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இருக்கிறது, பெட்டி இரவில் வந்தால் கொண்டுவந்து கொடுக்கவும் பக்கம். கேட்வே மாலும் அங்கேதான். பெட்டி வராவிட்டால் இரண்டு மணி நேரத்தில் துணி, செருப்பு, பிரஷ், மருந்துக்கடை எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் முடித்துவிடலாம். சொந்தக்காரர் வீடு இருந்தால் அதைவிட மேல், ஆனால் காலையில் "சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று பிடித்து உட்கார வைக்கும் வீடா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த இரவுக்கு இன்னொரு பயன் உண்டு. பெட்டியை ஹோட்டலிலேயே திறந்து பாருங்கள். சக்கரம் உடைந்திருந்தாலும் பூட்டு நெம்பப்பட்டிருந்தாலும் அன்றே தெரிந்தால் புகார் செய்யலாம். சர்வதேச டிக்கெட்டுகளுக்குப் பொருந்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். நான்கு நாள் கடலில் போய்விட்டால் மிச்சம் எத்தனை?

முனையத்தில் பெட்டி

கப்பல் டிக்கெட்டோடு வரும் அறை எண் சீட்டை வீட்டிலேயே பெட்டியில் கட்டிவிடாதீர்கள். விமான நிலைய பெல்ட்டில் அது கிழிந்து போகும், கிழியாவிட்டால் வேறு ஒரு பார்கோடாகக் குழப்பும். ஹோட்டலில் விமானச் சீட்டை அறுத்துப் போட்டுவிட்டு இதைக் கட்டுங்கள். வழுவழு காகிதத்தில் அச்சடித்து, ஒட்டுநாடா சுற்றி, ஸ்டேப்ளர் இரண்டு இடத்தில். பெட்டிக்குள்ளும் ஒரு தாள்: பெயர், அலைபேசி எண், கப்பல் பெயர், புறப்படும் தேதி, திரும்பிய பின் வீட்டு முகவரி. வெளிச் சீட்டு எல்லாம் போனாலும் இது பேசும்.

முனையத்தில் சுமைக்காரரிடம் பெட்டியைக் கொடுத்தால் அது எக்ஸ்ரே வழியாகத் தனியாகப் போகும். அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும், மாலை கூட ஆகலாம். நீச்சலுடையும் மாற்றுத் துணியும் கைப்பையில் இருந்தால் அதற்குள் குளத்தில் இறங்கிவிடலாம். எக்ஸ்ரேயில் கெட்டில், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் ராடு, சின்ன ரைஸ் குக்கர் தெரிந்தால் பெட்டி தனியே நிற்கும், உங்களை அழைப்பார்கள். நம்மவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இன்னொன்றில்: ஊதுபத்தி, அகல், கற்பூரம். கப்பலில் தீ என்ற சொல்லுக்கே இடமில்லை. கற்பூரம் எரியும் திடப்பொருள் என்பதால் விமானப் பெட்டியிலேயே ஏறக் கூடாது. சாமி படம் ஒன்று, விபூதி ஒரு பொட்டலம், அதோடு நிறுத்துங்கள். வீட்டில் செய்த சாப்பாட்டையும் உள்ளே விட மாட்டார்கள். கடையில் வாங்கி உடைக்காத பாக்கெட் என்றால் பெரும்பாலும் தொந்தரவில்லை. வீட்டு ஊறுகாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது எக்ஸ்ரேக்கு முன்பே விமானத்தின் காற்றழுத்தத்தில் மூடி கசிந்து வேட்டியெல்லாம் மிளகாய் நிறமாகிவிடும்.

நம் வீட்டுச் சுவரில் இருக்கும் மூன்று உருண்டை முள் பிளக் கப்பல் அறையில் நுழையாது. இரண்டு முள் ஐரோப்பிய சார்ஜர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வரவே இல்லையென்றால்

பெல்ட் நின்றுவிட்டது, பெட்டி இல்லை. கூடத்தை விட்டு வெளியே போகாதீர்கள். உள்ளேயே பெட்டிச் சேவைக் கவுன்டர் இருக்கும். நீங்கள் கடைசியாக ஏறிய நிறுவனத்திடம்தான் புகார், முதலில் ஏறிய நிறுவனத்திடம் அல்ல. சீட்டின் பத்து இலக்க எண், பெட்டியின் நிறம், வகை, உள்ளே அடையாளமாக ஒன்றிரண்டு பொருள். ஏற்கெனவே எடுத்து வைத்த பெட்டியின் போட்டோ இருந்தால் ஐந்து நிமிட விவரிப்பு மிச்சம். பத்து எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு புகார் எண் தருவார்கள், அதில் முதல் மூன்று எழுத்து விமான நிலையத்தின் குறியீடு. அது கையில் இல்லாமல் நகராதீர்கள். காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் அதையே.

பெட்டிக்குள் ஏர்டேக் மாதிரி ஒரு கண்டறியும் வில்லை போட்டிருந்தால், பெட்டி கெபேஹாவில் தூங்குகிறதா, கிங் ஷாகாவிலேயே வேறு பெல்ட்டில் சுற்றுகிறதா என்று கவுன்டரிலேயே காட்டலாம். ஊழியருக்கும் வேலை சுலபம். பட்டன் பேட்டரிதான் என்பதால் செக்-இன் பெட்டியில் வைக்கத் தடையில்லை.

இப்போது முக்கியமான கேள்வி வரும்: "எந்த முகவரிக்கு அனுப்ப?" கப்பலின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். பெட்டி நாளை மதியம் வந்தால் முனையத்துக்கு எடுத்துப் போவார்கள், கப்பல் போயிருக்கும், பிறகு அது யார் கையில் என்று தேடுவது தனிக் கதை. கப்பல் மறுநாள் மாலை என்றால், காலை 10 மணி வரை ஹோட்டல், அதற்குப் பின் வந்தால் கிங் ஷாகாவிலேயே வைத்திருங்கள், இந்தத் தேதியில் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று புகாரிலேயே எழுதச் சொல்லுங்கள். டர்பனில் உறவினர் இருந்தால் அவர் முகவரியும் எண்ணும் கொடுப்பது இன்னும் நல்லது. கடலில் உங்கள் போன் எடுக்காது என்பதையும் சொல்லி, அவர் எண்ணையே முதல் தொடர்பாகப் போடுங்கள்.

வாங்கும் துணிக்கும் பிரஷுக்கும் ரசீது ஒன்று விடாமல் வையுங்கள். திருப்பிக் கேட்கும்போது அவசியமானவை என்று ஏற்றுக்கொள்ளப்படுவது சட்டை, உள்ளாடை, மருந்து வகையறா. கேட்வேயில் பிராண்ட் கண்ணாடி வாங்கிக் கணக்கில் சேர்த்தால் மொத்தத்தையும் சந்தேகிப்பார்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது இரண்டு வரியை மட்டும் தேடிப் படியுங்கள்: பெட்டி எத்தனை மணி நேரம் தாமதமானால் பணம், விமானத் தாமதத்தால் கப்பலைத் தவறவிட்டால் பணம் உண்டா. இரண்டாவது பல உள்நாட்டுப் பயணக் காப்பீடுகளில் இருக்காது.

திரும்பும்போது

கடைசி இரவில் பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போட வேண்டிய துணியையும் பாஸ்போர்ட்டையும் உள்ளே போட்டுவிட்டு இரவு உடையோடு நின்றவர்கள் எல்லாக் கப்பலிலும் உண்டு. முன்னே சொன்ன சின்னத் துணிப்பை இங்கேயும் காப்பாற்றும்.

கப்பல் காலையில் கரை சேரும், ஆனால் இறங்க வரிசை, குடிவரவு முத்திரை, பெட்டி தேடல் எல்லாம் முடிய நேரமாகும். டர்பனில் காற்று பலமானால் கப்பல் உள்ளே வருவதே தள்ளிப்போகும். மதியம் 1 மணிக்கு முன் விமானம் போடாதீர்கள். அதே நேரம் மாலை 4, 5 மணிக்கு ஜோஹன்னஸ்பர்க்கில் இறங்குவதும் நல்லதல்ல, மழை மேகம் கூடும் வேளை அது. 1 முதல் 2 மணிக்குள் கிளம்பும் விமானம் கிடைத்தால் நூறு ராண்ட் கூடுதலானாலும் எடுத்துவிடுங்கள். கப்பலில் வாங்கிய பொருள்களால் 17 கிலோ 19 ஆகியிருக்கும், 20-க்குள் அடங்கும்.